எட்டு வீட்டு வானம்

துறைமுகத்து விளக்குகள் வானத்தை முழுசாகத் தின்று தீர்த்துவிட்ட ஊர் அது. கன்டெய்னர் யார்டுக்கும் அனல்மின் நிலையத்துக்கும் நடுவில், ஆற்றங்கரைகளிலிருந்தும் ரயில்பாதை ஓரங்களிலிருந்தும் வாரிக்கொண்டுவந்து குடியேற்றப்பட்ட ஜனங்களுக்காக வரிசை வரிசையாகக் கட்டிய அடுக்குமாடிகளில், இ பிளாக்கின் மூன்றாம் மாடியில், ரயில்பெட்டிகள் மாதிரி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிழக்கிலிருந்து மேற்காக எட்டு வீடுகள் இருந்தன. எட்டுக்கும் சேர்த்து முன்னால் ஒரே நடைபாதை. அந்த எட்டு வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர்கூட அதுவரை நட்சத்திரம் பார்த்ததில்லை. நிலாவைப் பார்த்திருந்தார்கள், புகைபோக்கி உச்சியில் கண்சிமிட்டும் சிவப்பு விளக்கைப் பார்த்திருந்தார்கள், இறங்கப்போகும் விமானத்துக்கு டாட்டா காட்டியிருந்தார்கள், அதோடு சரி.

அந்த வரிசையில் ஐந்தாவது வீடு தணிகாசலத்தினுடையது. அவன் யார்டில் லோடுமேன். மனைவி கோகிலா, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள் இலக்கியா. தணிகாவை ஊரில் யாரும் கெட்டவன் என்று சொல்லமாட்டார்கள். முதல் வீட்டு பேபியக்கா கிரைண்டர் வாங்கியபோது அதைத் தனியாளாகத் தோளில் வைத்து மூன்று மாடி ஏற்றியவன் அவன்தான், நெஞ்சுவலி வந்த ஆட்டோக்காரர் சம்பந்தத்தைக் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடியவனும் அவன்தான். ஆனால் ஏழரை மணிக்கு அவன் குடித்துவிட்டு வீட்டுக்கு வருவான், வந்ததும் கதவைச் சாத்துவான், அவன் கதவைச் சாத்தியதும் மற்ற ஏழு வீடுகளிலும் டிவியின் சத்தம் கூடும். யாரும் யாரிடமும் பேசிவைத்துக்கொண்டு செய்ததில்லை. மழை வந்தால் ஜன்னலை மூடுவதுபோல அவரவர் கை தன்பாட்டில் ரிமோட்டுக்குப் போனது. மறுநாள் காலையில் குழாயடியில் கோகிலாவின் வீங்கிய கன்னத்தைப் பார்த்து, "ராத்திரி சீரியல் பாத்தியா?" என்று கேட்பார்கள்.

மார்கழியில் ஒருநாள், பள்ளிக்கூடத்தில் சுகுணா டீச்சர், இன்று சாயங்காலம் வீட்டிலிருந்து எத்தனை நட்சத்திரம் தெரிகிறதோ அத்தனையும் வரைந்துகொண்டு வாருங்கள் என்றார். மறுநாள் எல்லாரும் வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், ஒருத்தி மட்டும் புகைபோக்கியை வரைந்திருந்தாள். டீச்சர் அந்த ஊருக்குப் புதுசு. வெள்ளைத் தாள்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த நாள் ஆளுக்கொரு ஜெராக்ஸ் தாள் கொண்டுவந்தார். அதில் வேட்டைக்காரன் இருந்தான், அவன் பின்னால் நாய் இருந்தது, எதிரே காளை இருந்தது, காளையின் தோளுக்கு மேல் கார்த்திகை என்கிற ஆறாமீன் கூட்டமாக மினுங்கியது, எல்லாம் வெறும் புள்ளிகளாக. "காலி டப்பா ஒண்ணு எடுத்துக்குங்க. தாளைத் திருப்பிப்போட்டு டப்பா அடியில ஒட்டுங்க. புள்ளிமேல ஆணியால ஓட்டை போடுங்க. உள்ளாற செல்போன் டார்ச்ச வெச்சா வானம் உங்க வூட்டுக்கே வந்துடும்" என்றார். சொன்ன டீச்சருக்கு அது பாடத்தில் வரும் ஒரு பேச்சு, அவ்வளவுதான்.

இலக்கியாவுக்கு வீட்டின் இருட்டு நன்றாகத் தெரியும். ஏழரை மணிக்கு அவளுடைய இடம் கட்டிலுக்கு அடியில். அங்கேயே உட்கார்ந்து, பால்பவுடர் டப்பாவைக் கவிழ்த்து, பெரிய நட்சத்திரத்துக்குப் பெரிய ஆணி, சின்ன நட்சத்திரத்துக்குச் சேலைப் பின் என்று பார்த்துப் பார்த்து, குழவிக்கல்லால் தட்டி ஓட்டை போட்டாள். தணிகாவுக்கு அன்று கப்பல் வேலை, வர நேரமாகும். கோகிலா வடித்த கஞ்சியை இறுத்துக்கொண்டிருந்தபோது இலக்கியா விளக்கை அணைத்து, டப்பாவுக்குள் டார்ச்சை வைத்தாள். கூரையில் புள்ளிகள் விழுந்தன. காரை பெயர்ந்த இடத்தில் ஆறாமீன், பீரோவுக்கு மேலே வேட்டைக்காரன், மின்விசிறிக் கொக்கிக்குப் பக்கத்தில் நாயின் பெரிய நட்சத்திரம். பார்த்து முடித்ததும் டார்ச்சை அணைத்தாள். புள்ளிகள் அணையவில்லை.

"ம்மா, போவ மாட்டேங்குது."

கோகிலா கரண்டியோடு வந்து அண்ணாந்து பார்த்தாள். "இருந்துட்டுப் போவுது. கைய கழுவிக்கினு வந்து சாப்புடு" என்றாள்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் அவை மெதுவாக மேற்குப் பக்கம் நகர்ந்து, சுவருக்குள் நுழைந்து, ஆறாவது வீட்டில் சம்பந்தத்தின் கூரையில் வெளிப்பட்டன, அங்கிருந்து ஏழாவது வீட்டுக்குப் போய்த் தூளியில் தூங்கிய கைக்குழந்தையை விழிக்கவைத்தன, கடைசியாக எட்டாவது வீட்டில் தனியாளாக இருக்கும் தையல்காரி ஜுலேகா பீயின் மேற்குச் சுவரில் இறங்கி மறைந்தன. மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, டப்பாவை யாரும் தொடாமலேயே, முதல் வீட்டில் பேபியக்காவின் மாவுப் பாத்திரங்களுக்குப் பின்னாலிருந்து ஆறாமீன் கிளம்பியது. பேபியக்கா இட்லி விற்கிறவள், கிழக்கு வீட்டுக்காரி என்பதால் எல்லாம் தன் வீட்டில்தான் தொடங்கவேண்டும் என்பதில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நடைபாதைக்கு வந்து, "பசங்களா, வந்துடுச்சு, வாங்க!" என்று கூவினாள். வானத்தில் ஒரு ராத்திரி முழுக்க எடுக்கும் பயணத்தை அவை அந்த எட்டு வீட்டிலும் ஒன்பது மணிக்குள் முடித்துக்கொண்டன. பிள்ளைகள் காலையில் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்பது அவற்றுக்கும் தெரிந்திருந்தது போல.

அதற்குப் பிறகு மூன்றாம் மாடி தன்னை நட்சத்திரத்துக்கு ஏற்றமாதிரி மாற்றிக்கொண்டது. விசிறி சுற்றினால் நட்சத்திரம் துண்டு துண்டாகத் தெரிகிறது என்று, வந்திருக்கும் நேரத்தில் விசிறியை நிறுத்தினார்கள். விளக்கு எரிந்தால் மங்கிப்போகிறது என்று விளக்கை அணைத்தார்கள், டிவி வெளிச்சமும் விளக்குதானே என்று டிவியையும் அணைத்தார்கள். எந்த வீட்டில் நட்சத்திரம் இருக்கிறதோ அந்த வீட்டுக்காரி சீரியலில் தவறவிட்ட பாதியைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டுக்கொண்டாள், பிறகு பேபியக்காதான், அக்கம்பக்கத்தில் டிவி ஓடினால் பிள்ளைகளுக்குச் சொல்வது காதில் விழவில்லை என்று எட்டு வீட்டிலும் டிவியை நிறுத்தவைத்தாள். வீடு கட்டிக்கொடுத்த வாரியத்திலிருந்து ஒருவர் வந்து, கூரையில் புள்ளி புள்ளியாக இருப்பதாகப் புகார் வந்ததே, மேல்மாடியிலிருந்து ஒழுகுகிறதா என்று தடவிப் பார்த்து, ஈரமில்லை என்று சொல்லிவிட்டு, போகிறபோது, தான் பிறந்தது திருவாதிரை, அது எந்தப் புள்ளி என்று கேட்டார். வேட்டைக்காரனின் தோளில் சிவப்பாக இருப்பதைப் பிள்ளைகள் காட்டினார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நாலாம் மாடிக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கோபித்துக்கொண்டார்கள், கோபம் தீர்ந்ததும் தங்கள் பிள்ளைகளைப் பாயோடு கீழே அனுப்பினார்கள்.

பிள்ளைகள் ஏழு மணிக்கு முதல் வீட்டில் பாய் விரித்து மல்லாந்து படுப்பார்கள். நட்சத்திரம் நகரநகரப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். டார்ச் வெளிச்சத்தில் கண் கூசினால் நட்சத்திரம் தெரியாமல் போகிறதென்று மிட்டாய் சுற்றிவந்த சிவப்புக் கண்ணாடித்தாளை டார்ச்சில் கட்டிக்கொண்டார்கள். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்து, நாயின் நட்சத்திரத்துக்கும் திருவாதிரைக்கும் நடுவில் எத்தனை முட்டி என்று அளந்தார்கள், குட்டையானவளும் நெட்டையானவனும் அளந்தாலும் அளவு ஒன்றாகவே வந்ததைப் பார்த்து அசந்துபோனார்கள். பேபியக்கா ஊறவைத்த கொண்டைக்கடலையில் ஒரு கைப்பிடி கொடுப்பாள், அதில் துடைப்பத்து ஈர்க்குச்சியைக் குத்திக் குத்திக் காளையின் முகத்தைச் செய்வார்கள், செய்து முடித்ததும் காளையைத் தின்பார்கள். விடிந்ததும் பெண்கள் நடைபாதையில் வைக்கும் கோலப்புள்ளிகளில் நேர்வரிசை குறைந்து, ஒன்று தள்ளி ஒன்று சாய்ந்து, காளையும் நாயும் வரத் தொடங்கின.

தாளில் இருந்த பெயர்கள் சில ஒட்டின, சில ஒட்டவில்லை. ஆறாமீனைக் குழாயடி என்றார்கள், அத்தனை நெருக்கம் வேறெங்கே இருக்கிறது. காளையின் சிவந்த கண்ணுக்குப் பழமிளகாய். நாய் நாயாகவே இருந்தது. வேட்டையாடுகிற ஆளை மட்டும் அவர்கள் யாரும் பார்த்ததில்லை. இடுப்பில் வாரும், அகன்ற தோளும், மேலே தூக்கிய ஒரு கையுமாக நிற்கும் அந்த ஆளுக்குப் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பெரியவர்கள் முன்னால் அதைச் சொல்வதில்லை.

இதிலெல்லாம் தலைகீழாக மாறிப்போனது ஐந்தாவது வீடுதான். நட்சத்திரம் அங்கே வந்துசேரும் நேரமும் தணிகா வந்துசேரும் நேரமும் ஒன்றாக இருந்தது. முதல்நாள் அவன் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது, தரை தெரியாமல் பிள்ளைகள் மல்லாந்து படுத்திருந்தார்கள். கால் வைக்க இடமில்லை. "மாமா, பாத்து வா, மிதிச்சுடாத" என்றது இருட்டில் ஒரு குரல். அவன் வாசலிலேயே குந்திக்கொண்டான். கோகிலா அடுப்பங்கரையில் நின்றபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் எழுந்து ஆறாவது வீட்டுக்குப் போவதற்குள் அவன் உட்கார்ந்தவாக்கிலேயே தூங்கியிருந்தான். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். கோகிலாவின் கன்னத்தில் வீக்கம் வற்றியது. ஒருநாள் அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே ரசத்துக்குத் தாளித்தாள். பாடியது தான்தானா என்று அவளே திரும்பிப் பார்த்தாள்.

தை கழிந்து மாசி பிறந்திருந்தது. அன்று தணிகா குடிக்காமல் வந்திருந்தான். பிள்ளைகளோடு தானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, நாலு நல்ல வார்த்தை பேசுகிற எண்ணத்தில் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். நாலாவது வீட்டுச் சிறுமி பூஜா, அவளுக்கு மூன்று வயது, பேச்சு புதுசு. பீரோவுக்கு மேலே அகன்ற தோள்காரன் வந்து நின்றதும் விரலை நீட்டி, "தோ, தணிகா மாமா வந்துட்டாரு!" என்றாள்.

தணிகா சிரித்தான். "அது நானா? என்னாட்டமா கீது?"

"ஆமா. கைய ஓங்கினு கீறாரு இல்ல" என்றாள் பூஜா.

இலக்கியா பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். தணிகா எழுந்து படியிறங்கிப் போய்விட்டான்.

வந்த ஞாயிற்றுக்கிழமை அவன் சுண்ணாம்பு வாங்கிவந்து, நீலம் கலந்து, கூரைக்கு ஒரு பூச்சு பூசி, காய்ந்ததும் இன்னொரு பூச்சு பூசினான். சாயங்காலம் நட்சத்திரங்கள் புதுச் சுண்ணாம்பின்மேல் முன்னைவிடத் துல்லியமாக வந்தன. அந்த ஆள் அதே இடத்தில் அதே கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். மறுநாள் தணிகா ஏழு மணிக்கே வந்தான். வந்ததும் கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாள் போட்டான்.

பிள்ளைகள் நாலாவது வீட்டில் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து பார்த்தால் கதவு சாத்தியிருக்கிறது. தட்டிப் பார்த்தார்கள். பிறகு அப்படியே நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளேயிருந்து இலக்கியாவின் குரல் கேட்டது.

"குழாயடி செவுத்தத் தாண்டி வந்துடுச்சு. காரை பேந்த எடத்துல கீது."

வெளியே ஒருத்தி பாவாடைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து, நடைபாதைத் தரையில் புள்ளி வைத்தாள்.

"பழமிளகா லைட்டு ஒயர் மேல. நாய் இன்னும் வர்ல."

புள்ளி வைத்தாள்.

"வாய மூடுறியா இல்லியா" என்றது தணிகாவின் குரல்.

"இப்ப தோள் வருது. செவப்பு தோள். அப்பால இடுப்பு, ஒண்ணு, ரெண்டு..."

குரல் நின்றது. ஏதோ நகர்ந்தது, கோகிலா, "அவள தொடாத" என்றது கேட்டது, அதன்பின் அந்தச் சத்தம் கேட்டது. எட்டு வீட்டிலும் டிவி ஓடவில்லை, விசிறி ஓடவில்லை. வருஷக்கணக்காக ஏழரை மணிக்கு அந்த வீட்டில் எழுந்த சத்தத்தை மூன்றாம் மாடி அன்றுதான் முதல்முறையாகக் காதால் கேட்டது. ஆட்டோக்காரர் சம்பந்தம் வாசலில் நின்றபடி தன் கைகளைப் பார்த்துக்கொண்டார், ரிமோட் எதுவும் அவற்றில் இல்லை.

நட்சத்திரங்களும் நின்றுவிட்டன. ஆறாவது வீட்டுக் கூரை இருட்டாகவே கிடந்தது, ஏழாவது வீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்தது, எட்டாவது வீட்டிலிருந்து ஜுலேகா பீ தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து, "இன்னும் ஏன்மா வரல்ல?" என்று கேட்டாள். கேட்டவள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு ஐந்தாவது வீட்டு வாசலில் வந்து நின்றாள். முதல் வீட்டிலிருந்து பேபியக்கா மாவுக் கையோடு வந்து கதவைத் தட்டினாள்.

"தணிகா, கதவத் தொற. பசங்க பாக்கணும்."

"இது என் வூடு."

"வூடு உன்னுதுதான். நட்சத்திரம் உன்னுது இல்ல. தொற."

உள்ளே, சுவரில் சாய்ந்திருந்த கோகிலா அசையாமல் நின்ற நட்சத்திரங்களைப் பார்த்தாள். இத்தனை நாளில் அவள் அவற்றைச் சரியாகப் பார்த்ததே இல்லை, அவள் கண் எப்போதும் வாசலில்தான் இருந்தது. வெளியே ஒரு கூட்டமே உட்கார்ந்திருப்பது கதவின் இந்தப் பக்கம் அவளுக்குத் தெரிந்தது. அவள் நடந்துபோய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"தொறந்தா என்னா ஆவும்னு தெரியும்ல?" என்றான் தணிகா.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு கோகிலா தாழ்ப்பாளை இழுத்தாள்.

பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். யாரும் தணிகாவைப் பார்க்கவில்லை, எப்போதும்போலப் பாய் விரித்தார்கள், படுத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பேபியக்காவும் ஜுலேகா பீயும் வந்தார்கள், சம்பந்தம் வந்தார், இதுவரை வாசலோடு நின்றுபோன பெரியவர்களெல்லாம் வந்து, இடமிருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். கோகிலா எரிகிற கன்னத்தோடு இலக்கியாவின் பக்கத்தில் மல்லாந்து படுத்தாள். அப்போதுதான் நட்சத்திரங்கள் அசைந்தன. இவ்வளவு பேருக்கும் நடுவில், தன் வீட்டில், நிற்பதற்கு இடமில்லாமல் தணிகா பீரோவோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

நாயும் சுவரைக் கடந்ததும் பிள்ளைகள் பாயைச் சுருட்டினார்கள். கோகிலாவும் எழுந்து, தன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு ஆறாவது வீட்டுக்குப் போனாள். அங்கே சம்பந்தத்தின் மனைவி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள், குடித்துவிட்டுப் படுத்துப் பார்த்தாள். நட்சத்திரங்கள் ஏழாவது வீட்டுக்குப் போயின, அவளும் போனாள், அங்கே தூளியை ஆட்டிக்கொண்டே பார்த்தாள். நட்சத்திரங்கள் எட்டாவது வீட்டுக்குப் போயின, அவளும் போனாள். நாயின் நட்சத்திரம் மேற்குச் சுவரின் அடியில் தொட்டு மறைந்தது, பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டு அவரவர் வீட்டுக்குக் கிளம்பினார்கள், கோகிலா கிளம்பவில்லை. அதற்கு மேற்கே போக அந்த வரிசையில் வீடும் இல்லை.

ஜுலேகா பீ துணி வெட்டும் பலகையைச் சுவரோரம் சாய்த்தாள். "மிஷின அப்படித் தள்ளுனா ரெண்டு பேருக்கு எடம் இருக்கும்மா" என்றாள்.

மறுநாளே சமாதானம் பேசப் படிக்கட்டில் நாலு பேர் கூடினார்கள். நாலு செவுத்துக்குள்ள ஆயிரம் இருக்கும், பொம்பள புள்ளைய வெச்சினு இருக்கறவ, நாலு பேரு சொல்றத கேளு என்றார்கள். கோகிலா, "இத்தினி வருசமா அந்த நாலு பேரும் டிவிய சத்தமா வெச்சினுதான இருந்தீங்க" என்றாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். கூட்டம் தானாகக் கலைந்தது. பேபியக்காவும் ஜுலேகா பீயும் துணைக்கு வர, மகளிர் காவல் நிலையத்துக்குப் போய், நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தாள். தணிகாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் தரையைப் பார்த்தபடி, ஆமாம் என்றான், எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். கோகிலா ஜுலேகா பீயோடே தங்கி ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்தாள், பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்தாள், பங்குனிக்குள் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளைகள் கொஞ்சநாள் ஐந்தாவது வீட்டைத் தாண்டி ஓடினார்கள். நாலாவது வீட்டில் பார்த்துவிட்டு நேரே ஆறாவது வீட்டில் போய்க் காத்திருந்தார்கள், நடுவில் ஒரு துண்டு வானம் பார்க்கப்படாமல் போனது. ஆனால் தணிகா கதவைச் சாத்துவதை விட்டிருந்தான். ஏழு மணிக்குத் தரையைப் பெருக்கி, விசிறியை நிறுத்தி, விளக்கை அணைத்து, கதவை விரியத் திறந்துவைத்துவிட்டு, தான் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வான். ஒருநாள் இலக்கியாதான் அந்த வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பி, "நைனா, நாங்க பாத்துட்டுப் போயிடுவோம்" என்றாள்.

"பாருங்க" என்றான் அவன். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து பிள்ளைகள் மறுபடியும் எட்டு வீட்டிலும் பார்த்தார்கள். கோகிலா மட்டும், அந்த ஒரு வீட்டை நடைபாதை வழியாக வெளியே நடந்து கடந்து, ஆறாவது வீட்டில் அவர்களோடு சேர்ந்துகொள்வாள். அவன் உட்கார்ந்திருக்கும் படிக்கட்டைக் கடக்கும்போது அவள் நடை முதலில் வேகமாக இருந்தது, பிறகு எல்லா இடத்திலும் நடப்பதுபோல ஆனது.

சித்திரை வந்தபோது அகன்ற தோள்காரன் நேரத்தோடே மேற்கே போய்விட்டான், அவனுடைய நாயும் பின்னாலேயே போனது, பேபியக்காவின் வீட்டிலிருந்து வேறு நட்சத்திரங்கள் கிளம்பத் தொடங்கின. சுகுணா டீச்சர் புது ஜெராக்ஸ் தாள்களோடு வந்து ஒரு சாயங்காலம் எட்டு வீட்டிலும் படுத்துப் பார்த்தார், போகும்போது தாளில் போட்டிருந்த பெயர்களை அடித்துவிட்டுப் பிள்ளைகள் சொன்ன பெயர்களை எழுதிக்கொண்டார். ஆனியில் தெற்குப் பக்கமாக வால் சுருண்ட பெருந்தேள் ஒன்று ஏறிவந்தது, அதைப் பார்த்துப் பூஜா அலறினாள், கோகிலா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அது கொட்டாது, வால சுருட்டி வெச்சினு தூங்குது பாரு" என்றாள்.

அப்படித் தேள் ஜுலேகா பீயின் மேற்குச் சுவரில் பாதி இறங்கியிருந்த ஒரு சாயங்காலம், மேற்கே சாக்கடைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் எஃப் பிளாக்கின் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். இந்த ஜன்னலுக்குக் கோகிலா வந்தாள். அந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியாது. சின்ன வயசு, இடுப்பில் ஒரு குழந்தை.

"யக்கா! உங்க வூட்டு நட்சத்திரம் எங்க செவுத்துல வந்துனு கீதுக்கா! இன்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ணாத. லைட்ட அணை. விசிறிய நிறுத்திட்டுப் பாயப் போடு" என்று இங்கிருந்து கத்தினாள் கோகிலா.

"லைட்ட அணைச்சா அவரு..." என்று தொடங்கிய அந்தப் பெண் தலையைத் திருப்பி உள்ளே பார்த்தாள். உள்ளிருந்து ஓர் ஆண்குரல் எதையோ அதட்டியது. அவளுக்குப் பக்கத்து வீடுகளின் ஜன்னல்களில் டிவி வெளிச்சம் நீலமாக ஆடிக்கொண்டிருந்தது, அவற்றின் சத்தம் ஒவ்வொன்றாகக் கூடுவது கால்வாயைத் தாண்டிக் கோகிலாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"உன் பேரு இன்னாம்மா?"

"கௌசல்யாக்கா."

"கௌசல்யா, கதவ மட்டும் தொறந்து வை" என்றாள் கோகிலா.

பிள்ளைகள் பாய்களைச் சுருட்டி வீட்டுக்குக் கிளம்பத் தயாராகியிருந்தார்கள். கோகிலா அவர்கள் பக்கம் திரும்பி, "யாரும் வூட்டுக்குப் போவாதீங்க, இன்னும் முடியல" என்றாள். பேபியக்காவைக் கூப்பிட்டாள், சம்பந்தத்தைக் கூப்பிட்டாள், ஜுலேகா பீ கத்தரிக்கோலை வைத்துவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டாள். சிவப்புத்தாள் கட்டிய டார்ச்சுகளை ஏந்திக்கொண்டு, பாய்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இ பிளாக்கின் படிக்கட்டில் அவர்கள் எல்லாரும் சத்தமில்லாமல் இறங்கினார்கள். கால்வாய்ப் பலகையை ஒவ்வொருவராகக் கடந்து, எதிர் பிளாக்கின் படியேறினார்கள். பூஜாவை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறிய கோகிலா, மூன்றாம் மாடியில், அரையடி திறந்திருந்த கதவின் முன்னால் நின்று, உள்ளே இருப்பவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நட்சத்திரம் பாக்க வந்திருக்கோம்."